ஏழாவது பாட்டு

பெண் பார்க்க வந்தவனுக்குப் பஜ்ஜியோடு ஒரு சிடியையும் கொடுத்து அனுப்பிய பெண் காவேரிப்பட்டினத்திலேயே வினிதா ஒருத்திதான் இருப்பாள். பெங்களூரில் வேலை பார்ப்பவள். "தெனமும் இதக் கேளுங்க. எந்தப் பாட்டு புடிச்சிருக்குன்னு வியாழக்கெழம போன் பண்ணுங்க. அப்பறம் என் முடிவச் சொல்றேன்," என்றாள். ஏற்கெனவே நான்கு இடத்தில் என்னைத் தட்டிக் கழித்திருந்தார்கள். எனக்கோ இவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. சிடி என்ன, செங்கல்லைக் கொடுத்திருந்தாலும் காதில் வைத்துக் கேட்டிருப்பேன்.

ஓசூரில் பிரஸ் ஷாப்பில் எனக்கு வேலை. நாள் முழுக்கத் தகடு அடிக்கிற சத்தம். அறைக்கு வந்து சிடியைப் போட்டால் அங்கேயும் அதே கதை. ஒரு பெண் தாலாட்டுக் குரலில் ஏதோ ஆரம்பிக்கிறாள்; முடிப்பதற்குள் யாரோ தகரக் கொட்டகையை இழுத்துச் சாய்க்கிறார்கள். அறையில் கூட இருந்த சுடலைமுத்து பிளேயரைத் திறந்து லென்சைத் துடைத்துப் பார்த்தான். "ஏலே பூபதி, லென்சு நல்லாத்தான் இருக்கு. பாடுதவளுக்குத்தான் என்னமோ கோளாறு," என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான்.

தலைவலிதான் மிச்சம். விடுவேனா? புதன்கிழமை கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஆறு பாட்டும் வழக்கம்போல என்னை மிதித்துவிட்டுப் போயின. அடுத்து ஒன்று வந்தது. அடியில் சீரான உறுமல், மேலே டக்டக்கென்று தாளம், நடுநடுவே பெரிய பெருமூச்சு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சோறு வடித்து, ரசம் வைத்து, சாப்பிட்டுக் கை கழுவியும் பாட்டு முடியவில்லை. என்ன தைரியம் இவர்களுக்கு என்று வியந்துகொண்டே தூங்கிப்போனேன்.

மறுநாள் போன் செய்து, "ஏழாவதுங்க," என்றேன்.

"அதுல ஆறுதாங்க இருக்கு."

"இல்லீங்க, இப்பகூட ஓடிட்டிருக்கு," என்று திரும்பினால் பிளேயர் அணைந்து கிடந்தது. பின்கதவைத் திறந்தேன். வீட்டுக்காரம்மா கெம்பம்மாவின் காலி மனையில் போர்வெல் லாரி நின்று பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தது. புழுதி வந்ததே தவிரத் தண்ணீர் வரவில்லை. கெம்பம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாவது இடமும் போச்சு என்று நினைத்துக்கொண்டே உண்மையைச் சொன்னேன்.

"அது பக்கமாப் போனப் புடிங்க," என்றாள். கை மரத்துப்போகும் வரை பிடித்தேன். திரும்பக் காதில் வைத்ததும், "நாளைக்கும் ஓடுமா?" என்று கேட்டாள்.

"தண்ணி வர்ற வரைக்கும் ஓடும்ங்க."

தண்ணீர் வந்துவிடக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டேன். அதன்பின் கெம்பம்மா முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வினிதா அவள் அப்பாவோடு வந்து இறங்கினாள். நேராக லாரிக்குப் பக்கத்தில் போய்க் கண்ணை மூடி நின்றாள். தலை மெல்ல ஆடியது, முகமெல்லாம் புழுதி. நீரோட்டம் பார்க்க வந்தவள் என்று நினைத்துக் கெம்பம்மா அவளைக் கும்பிட்டார். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"பாப்பா என்னா சொல்லுது தம்பி? ஒண்ணும் கேக்கல," என்று அவள் அப்பா என் காதருகே வந்து கத்தினார்.

பிரஸ் ஷாப்காரர்கள் காதை நம்பிப் பேசுவதில்லை; உதட்டைப் பார்த்தே பேச்சு புரிந்துவிடும். 'வூட்ல தேதி பாக்கச் சொல்லுங்க' என்றாள். முதல் தடவையே எனக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. இருந்தாலும் காதுக்குப் பின்னால் கையை வைத்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.