பவுடர் டப்பாவில் நல்ல கிருமி

நாற்றுப்பண்ணைக்காரிக்கு இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. விரல் உயரம் வந்த சவுக்குக் கன்றுகள் தட்டு தட்டாகச் சாய்ந்துகொண்டிருந்தன. தண்டின் அடியில் நகத்தால் கிள்ளியதுபோல அழுகல். மண்ணில் இருந்த பூஞ்சையின் வேலை. தண்ணீரைக் குறைத்தாள், மருந்து அடித்தாள், எதற்கும் மசியவில்லை.

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் நாத்தனார் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். உள்ளே வெள்ளைப் பொடி.

“இதுல உயிரோட கிருமி இருக்கு அண்ணி. நல்ல கிருமி. விதைக்கறதுக்கு முன்னாடி மண்ணுல கலந்துடுங்க. வேரைச் சுத்திக் குடியேறிடும். அப்புறம் பூஞ்சை வந்தா இடமே இருக்காது.”

“இருக்கற கிருமி போதாதுன்னு நீ வேற கூட்டிட்டு வந்தியாக்கும்?”

நாத்தனாரின் முகம் சுருங்கியது. கல்யாணமான நாளிலிருந்தே இருவருக்கும் பேச்சு அளவோடுதான்.

பொட்டலம் ஓரத்தில் கிழிந்திருந்தது. நாத்தனார் போனதும் பண்ணைக்காரி காலி முகப்பவுடர் டப்பா ஒன்றில் பொடியைக் கொட்டி அலமாரியில் வைத்தாள். ஒரு வாரம் கழித்து, மண் நிரப்பிய நாற்பது தட்டுகள் தயாரானதும் டப்பாவைத் திறந்தால், பாதியைக் காணோம்.

“என்னங்க, இதைத் தொட்டீங்களா?”

“தினமும்தான்,” என்றார் கணவர். “வாசனையே இல்ல. அதான் கழுத்து, முதுகுன்னு கொஞ்சம் தாராளமாவே போட்டுக்கிட்டேன்.”

விஷயத்தைச் சொன்னதும் அவர் குளியலறைக்கு ஓடினார். போனில் நாத்தனாரின் சிரிப்பு அடங்கவே நேரமானது.

“அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது, நல்லா சோப்பு போடச் சொல்லுங்க. மிச்சத்தை எல்லாத்துலயும் தூவாதீங்க அண்ணி. இருபது தட்டுக்கு முழு அளவு போடுங்க.”

அப்படியே செய்து, அந்த இருபதுக்கும் சிவப்பு நூல் கட்டினாள். மற்றவற்றில் வெறும் மண். விதையும் தண்ணீரும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

மூன்றாம் வாரம் நூல் கட்டாத தட்டுகள் பாய் விரித்தாற்போலப் படுத்துவிட்டன. நூல் கட்டியவற்றில் அங்கொன்றும் இங்கொன்றும் சாய்ந்ததோடு சரி. மற்றவை விறைப்பாக நின்றன. அவள் தட்டு தட்டாகக் குனிந்து பார்த்தாள். நம்ப முடியாமல் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். கண் கலங்கியது. உடனே போனை எடுத்தாள்.

“நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை வாயேன். பொடி நிறைய வேணும். சாப்பாடும் இங்கதான்.”

ஞாயிற்றுக்கிழமை இருவரும் முழங்கை வரை மண்ணோடு உட்கார்ந்து மீதித் தட்டுகளுக்கான மண்ணில் பொடியைக் கலந்தார்கள். பேச்சு மண்ணில் தொடங்கி எங்கெங்கோ போனது. அடுப்பில் வைத்த சாதம் தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் இருவரும் எழுந்து ஓடினார்கள்.