முகக்கவசத்துக்குள்

பல் சுத்தம் செய்வது என் வேலை. கொஞ்ச நாளாக நெற்றிப்பொட்டில் விண்விண் என்று வலி. மண்டைக்குள் ஏதோ வளர்கிறது என்று நானே முடிவுகட்டி ஸ்கேன் எடுத்தேன். ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு ஏன் வலித்துத் தொலைக்கிறது? எரிச்சலோடு எங்கள் கிளினிக் டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

அவர் நோயாளிகள் சாய்கிற நாற்காலியைக் காட்டினார். அதில் நான் உட்கார்ந்ததே இல்லை.

"வாயத் தொற. அடிப்பாவி! கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சு போயிருக்கு. அடுத்தவங்க பல்லுல காரையைச் சுரண்டும்போது உன் பல்ல இறுக்கிக் கடிச்சுக்கிறியா?"

மாஸ்க் போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியவில்லை.

"தாடை வலிதான்டி மேல ஏறுது. வேற ஒண்ணுமில்ல."

போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்து வந்த பெரியவரிடம், "வாய நல்லாத் தொறங்க" என்றேன். மாஸ்க்குக்குள் நானும் திறந்தேன்.