புதன்கிழமைக் கோடுகள்

பொய் எழுதத் தெரியாதவள் பொய் எழுதக் கூடாது. எழுதினால் மாட்டிக்கொள்வாள். ஆனால் நான் எங்கே மாட்டிக்கொண்டேன்? மாட்டியது ரக்னா. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் லோலன் தீவின் தென்கோடியில், துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. நூலகத்தில் நாங்கள் இரண்டே பேர். ரக்னா நூலகர். அதற்கென்றே கோபன்ஹேகனில் படித்துப் பட்டம் வாங்கியவள், முப்பத்தாறு வயது, நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. நான் டோர்த்தே, உதவியாளர். புத்தகம் அடுக்குவது, கவுண்டரில் உட்காருவது, காப்பி இயந்திரத்தைத் திட்டுவது என்று இருபத்தெட்டு வருடத்தை ஓட்டியவள். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

இலையுதிர்காலத்தில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. சுற்றுவட்டாரத்து ஊர்களில் எல்லாம் ஆளில்லாத நூலகம் வந்துவிட்டது. அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும், வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம், சந்தேகம் வந்தால் சுவரில் இருக்கும் திரையிடம் கேட்கலாம். எங்களுக்கு மட்டும் ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். இரண்டு வாரம் கேள்விகளை எண்ண வேண்டும். நூலகர் ஒருவர் தேடி, சரிபார்த்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக நூற்றிருபது வந்தால் ரக்னாவின் பதவி இருக்கும். இல்லையென்றால் திரை வரும்.

ரக்னா பயப்படவில்லை. அவளுக்குத் தன் தொழிலின் மேல் அப்படியொரு நம்பிக்கை. போன வருடம் ஏதோ மாநாட்டுக்குப் போய்வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தாள். நூலகர்களுக்கு இனி ஆஸ்பத்திரியில் வேலை, நீதிமன்றத்தில் வேலை, தரவுக் காப்பகத்தில் வேலை என்று அங்கே ஒருவர் படம் போட்டுக் காட்டினாராம்.

"உலகத்துல பொய்த் தகவல் பெருகப் பெருக நமக்குத்தான் வேலை ஜாஸ்தியாகும், டோர்த்தே."

"அப்ப நம்ம ஊருல பொய் பத்தலன்னு சொல்லு," என்றேன்.

அன்றைக்கு அதற்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

எண்ணும் விதிகள் ஐந்து பக்கம் வந்தன. ரக்னா ஐந்தையும் படித்து மஞ்சள் பேனாவால் கோடு இழுத்து வைத்திருந்தாள். நான் இரண்டு பக்கம் படித்தேன். கழிப்பறை எங்கே என்று கேட்டால் கணக்கில் சேராது, அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கினால் சேராது, அவ்வளவு தெரிந்தால் எனக்குப் போதாதா என்று மூடி வைத்துவிட்டேன். அந்தக் கடைசி மூன்று பக்கத்தையும் படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கவுண்டரில் ஒரு தாள், ஒரு பென்சில். கேள்விக்கு ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். அழிரப்பர் ரக்னாவின் கையில். முதல் வாரம் ஒரு அம்மாள் வந்து, சின்ன வயதில் படித்த புத்தகம், பெயர் தெரியாது, அட்டை நீலம், உள்ளே ஒரு நாய் கிணற்றில் விழும் என்றாள். ரக்னா முக்கால் மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தாள். அந்த அம்மாள் அழுதேவிட்டாள். கையோடு, அதே ஆள் வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா என்றும் கேட்டாள். நான் இரண்டு கோடு போட்டேன். ரக்னா ஒன்றை அழித்தாள். அதே பேச்சின் தொடர்ச்சி, ஒரே கேள்விதான் என்றாள். பிழைக்கத் தெரியாதவளே என்று வாய்விட்டே திட்டினேன். அவள் கோபப்படவில்லை. தப்பாக எண்ணினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

பின்னறையில் ஒரு தொலைபேசி உண்டு. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டில் அரசாங்கக் கடிதம் எல்லாம் கைபேசிக்குத்தான் வரும். ஐவின் என்று ஒருவர், கப்பல் கட்டும் தளம் இருந்த காலத்தில் வெல்டராக இருந்தவர், எழுத்தைப் பார்த்தால் அவருக்குக் கண்ணில் பூச்சி பறக்கும். கவுண்டருக்கு வரமாட்டார். செய்தித்தாள் மேசையில் பழைய சகாக்கள் உட்கார்ந்திருப்பார்களே, மானம் போய்விடும். அதனால் நூலகத்து வாசலிலேயே காரை நிறுத்தி, காருக்குள் உட்கார்ந்தபடி பின்னறைக்குப் போன் போடுவார். ஒவ்வொரு எழுத்தாக அவர் சொல்லச் சொல்ல, ரக்னா எழுதிச் சேர்த்து, தேட வேண்டியதைத் தேடி, அந்தக் கடிதம் என்ன கேட்கிறது, என்ன பதில் போடுவது என்று விளக்குவாள். அவரைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். போன் அடிப்பது எனக்குக் கேட்கும். யார் என்று அவள் சொன்னதில்லை. ஐவினின் கார் ஜன்னல் வழியாகத் தெரிந்ததால் அவரை மட்டும் எனக்குத் தெரியும்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை மாலை தாளில் அறுபத்தெட்டு கோடு இருந்தது. மறுநாள் புயல். பேருந்து நின்றுவிட்டது. கடல் துறைமுகச் சுவரைத் தாண்டித் தெருவில் விழுந்தது. நூலகத்தில் ஈ, காக்கை இல்லை. ரக்னா பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு காலையிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் கவுண்டரில் உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றோடு நான்கு நாள்தான் மிச்சம். எப்படிப் போட்டாலும் நூறைத் தாண்டாது. போன வருடம்தான் அவள் இந்த ஊரில் வீடு வாங்கினாள், குழந்தைக்கு இங்கேதான் சிநேகிதிகள். இருபத்தெட்டு வருடத்தில் யாரும் எண்ணாமல் விட்ட கேள்வி எத்தனை ஆயிரம், அதில் கொஞ்சத்தை இன்றைக்கு எழுதினால் பூமி பிளந்துவிடாது என்று தோன்றியது.

உண்மையாக வந்த கேள்வி மூன்று. அதற்கு மேலே நான் இருபத்தேழு கோடு போட்டேன். ஒரே மாதிரி தெரியக் கூடாதென்று சிலதைச் சாய்த்துப் போட்டேன், பென்சிலைக்கூட ஒருமுறை சீவிக்கொண்டேன். சாயங்காலம் முப்பது என்று கணினியில் ஏற்றினேன். ஏற்றிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. கணினிக்குள் நுழைய இருவருக்கும் ஒரே பயனர் கணக்குத்தான், ரக்னாவின் பெயரில்.

சனிக்கிழமை கூட்டிப் பார்த்தபோது நூற்று இருபத்திரண்டு. ரக்னா புதன்கிழமையில் விரலை வைத்தாள். அழிரப்பரை எடுக்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"முப்பதா? அந்தப் புயல்லயா?"

"மழைக்கு ஒதுங்கினவங்க. வேற வேலை இல்லாம ஆளுக்கு அஞ்சாறு கேட்டாங்க," என்றேன்.

நம்பினாள். இருபத்தெட்டு வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவள் பொய் சொல்வாள் என்று ஏன் நினைக்கப் போகிறாள்? இனிமேல் பயமே இல்லை என்று சொல்லி, வேறு ஏதோ ஒரு தாளையும் பார்த்துக் கணினியில் தட்டி அனுப்பினாள். அது என்ன தாள் என்று நான் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து யெஸ்பர் வந்தார். நகராட்சியின் கலாசாரப் பிரிவுத் தலைவர். கையில் பேக்கரிப் பெட்டி. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல செய்தி என்றால் எங்கள் நகராட்சியில் மின்னஞ்சல் வரும். கெட்ட செய்திக்குத்தான் பேஸ்ட்ரியோடு ஆள் வருவார்.

காப்பி ஊற்றினேன். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். அவர் ஒரு தாளை மேசையில் வைத்தார். வாசலில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது, உள்ளே வருபவர்களை எண்ணும். அது பாட்டுக்கு எட்டு வருடமாக எண்ணிக்கொண்டிருப்பதை நான் அடியோடு மறந்துபோயிருந்தேன்.

"புதன்கிழமை உள்ள வந்தது மொத்தமே பதினொரு பேர்," என்றார் யெஸ்பர். "முப்பது கேள்வி. மத்த நாள்ல நாலு பேருக்கு ஒரு கேள்விகூட தேறல. யார் எழுதினது இது?"

அந்தப் பதினொன்றில் நான்கு நானேதான், சிகரெட் பிடிக்கப் போய்வந்தது. அது அவருக்குத் தெரியாது.

ரக்னா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. என் வாய் நிறைய பேஸ்ட்ரி. மென்று விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன், சத்தியமாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

"நான்தான்," என்றாள் ரக்னா.

ஒரு வாய் பேஸ்ட்ரியை விழுங்க எவ்வளவு நேரமாகும்? அதற்குப் பிறகும் அரை மணி நேரம் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். யெஸ்பர் வருத்தத்தோடு பேசினார். ஒரு நாள் பொய்யென்றால் இரண்டு வாரத்தையும் நம்ப முடியாது, எண்ணிக்கை முழுவதும் ரத்து, பதவி ஜனவரியோடு முடிகிறது, இது பணிக் கோப்பிலும் ஏறும் என்றார். அவர் போன பிறகு பெட்டியில் மிச்சம் ஒன்று இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

சைக்கிள் கொட்டகையில்தான் அவளைப் பிடித்தேன். நாளைக்கே போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அவள் பூட்டைத் திறந்துகொண்டே பேசினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொன்னா என்ன ஆகும்? எண்ணிக்கை திரும்பி வராது. உங்க பதினாலு மாசமும் சேர்ந்து போகும். எனக்குப் படிப்பு இருக்கு, டோர்த்தே. எங்கயாவது எடுத்துக்குவாங்க. உங்கள யாரு எடுப்பா?"

"ஏன்டி இப்படிப் பண்ற?"

"நீங்க எனக்காகத்தான போட்டீங்க," என்றாள். குரலில் அன்பு இல்லை, வெறும் களைப்புத்தான் இருந்தது. சைக்கிளில் ஏறி மிதித்துப் போய்விட்டாள்.

நான் மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

ஜனவரியில் அவள் மேசையைக் காலி செய்தது நான். இழுப்பறையில் மஞ்சள் கோடு போட்ட அந்த விதித் தாள்கள் இருந்தன. நான்காம் பக்கத்தில் இருந்தது: தொலைபேசியில் வரும் கேள்விகளும் சேரும், தனித் தாளில் குறித்துக் கடைசி நாள் மொத்தமாகச் சேர்க்கவும். அதன் அடியிலேயே அந்தத் தனித் தாளும் இருந்தது. ஆள் பெயர் இல்லை, தேதியும் கோடும் மட்டும். எண்ணினேன். முப்பத்தொன்று. புயலடித்த புதன்கிழமையில் மட்டும் ஒன்பது. நான் கவுண்டரில் கோடுகளைச் சாய்த்துச் சாய்த்துப் போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் அவள் உண்மையான கோடுகளைப் போட்டிருக்கிறாள்.

என் இருபத்தேழைக் கழித்தேன். கவுண்டரில் தொண்ணூற்றைந்து, போனில் முப்பத்தொன்று. நூற்று இருபத்தாறு. நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவள் இன்றைக்கும் இங்கே இருந்திருப்பாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திரை வந்தது. பின்னறைப் போன் இணைப்பைத் துண்டித்தார்கள். புத்தகம் அடுக்க வாரத்தில் மூன்று காலை எனக்கு வேலை. ஐவின் ஒருமுறை உள்ளே வந்தார். அந்தத் திரை வாய்விட்டுக் கேட்டால்தான் பதில் சொல்லும். செய்தித்தாள் மேசையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கைபேசியைக் கையில் பிடித்தபடி திரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். எப்படி உதவலாம் என்று அது இரண்டு முறை கேட்டது. ஏதோ தேடி வந்தவர் போல ஒரு மீன்பிடிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் புத்தகம் இன்றுவரை திரும்பவில்லை. வாசலில் அவர் காரையும் நான் பிறகு பார்க்கவில்லை.

ரக்னா ஆஸ்பத்திரி நூலகத்துக்கு எழுதிப் போட்டாள், கிடைக்கவில்லை. நீதிமன்ற ஆவணப் பிரிவுக்குப் போட்டாள், அதுவும் இல்லை. மாநாட்டில் படம் போட்டுக் காட்டிய எல்லா இடத்திலும் வேலை இருக்கத்தான் செய்தது. அங்கெல்லாம் முதலில் கேட்பது, இவள் கையில் எண்ணையும் ஆவணத்தையும் நம்பிக் கொடுக்கலாமா என்பது.

ஏப்ரலில் எனக்கொரு போன் வந்தது. யூலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துத் தரவுக் காப்பகத்திலிருந்து ஒரு பெண். வேலைக்கு எடுக்கும் முன் பழைய சகாவைக் கூப்பிட்டு விசாரிப்பது இங்கே வழக்கம். ரக்னா என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். வேறு யார் பெயரைக் கொடுப்பாள்? இருவரில் ஒருவரை எடுக்கப் போகிறோம், எங்களுக்கு ரக்னாவைத்தான் பிடித்திருக்கிறது என்றாள் அந்தப் பெண். நான் புத்தக வண்டியை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். ரக்னாவைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்லதை எல்லாம் சொன்னேன். நீல அட்டைப் புத்தகத்தைச் சொன்னேன், அழித்த கோட்டைச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பழைய இடத்துல ஒரு கணக்கு தப்பாப் போச்சாமே. பொறுப்பு என்னோடதுன்னு மட்டும்தான் அவங்க சொல்றாங்க. அதுக்கு மேல பேச மாட்டேங்கறாங்க. அந்தக் கோடெல்லாம் அவங்கதான் போட்டாங்களா?"

கைப்பை என் மடியில் இருந்தது. தாள் அதற்குள்தான் இருந்தது. வாயில் இந்தமுறை பேஸ்ட்ரியும் இல்லை. எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்பது மாதம் இருந்தது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "நான் புத்தகம் அடுக்குறவ."

நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று சொல்லி அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். நான் எழுந்து வண்டியில் மிச்சமிருந்த புத்தகங்களை அடுக்கினேன். ஒன்றைக்கூட இடம் மாற்றி வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரக்னாவிடமிருந்து கைபேசியில் செய்தி வந்தது. வீட்டை விற்கப் போட்டிருக்கிறாளாம், நேஸ்வெத் ஊரில் கிடங்கு ஒன்றில் பெட்டி கட்டும் வேலையில் திங்கட்கிழமை சேர்கிறாளாம். கீழே இரண்டு வரி.

"காப்பகத்துல கிடைக்கல. ஆனா நீங்க என்னப் பத்தி ரொம்ப நேரம் நல்லதாப் பேசினீங்கன்னு அவங்க சொன்னாங்க. நன்றி, டோர்த்தே."

பதிலுக்கு ஏதாவது எழுத வேண்டுமே என்று நான்கு தரம் எழுதி நான்கு தரம் அழித்தேன். கடைசியில் ஒரு இதயப் படத்தை அனுப்பி வைத்தேன்.