உடைந்த தொட்டியில் நின்ற தண்ணீர்

நர்சம்மா வீட்டு மீன்தொட்டியின் கண்ணாடி நான்கு பக்கமும் உடைந்து விழுந்த பிறகும், அறுபது லிட்டர் தண்ணீர் பதினோரு மீன்களோடு மேஜைமேல் அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணி. தப்பு கணவருடையது. தண்ணீரோடு தொட்டியை நகர்த்தவே கூடாது என்று மீன்கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், டி.வி. பிளக் எட்டவில்லை என்று ஒரு தள்ளு தள்ளினார். கணவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். எதையும் லேசாக அசைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி. சத்தம் கேட்டு ஓடிவந்த நர்சம்மா, ஊசி போடும்போது நோயாளிகளை அதட்டும் குரலில், “அசையாதீங்க!” என்றாள். கணவர் அசையவில்லை. தண்ணீரும் அசையவில்லை.

ஏழு நியான் மீன்களும் நாலு கப்பி மீன்களும் ஓரம்வரை நீந்தி, வழக்கமான இடத்தில் திரும்பின. இல்லாத சுவரில் நத்தை ஏறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் வந்து விரலை விட்டுப் பார்த்து, ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “புதுத் தொட்டி தர்றேன்மா. ஆனா புதுத் தண்ணில உடனே விட்டா ஒண்ணும் தங்காது. ஃபில்டர் ஒரு மாசம் ஓடணும். அதுவரைக்கும் இது நிக்கணும்.”

தன் வார்த்தைக்குக் கட்டுப்பட்டுத்தான் தண்ணீர் நிற்கிறது என்று நர்சம்மா உறுதியாக நம்பினாள். மிச்சமிருந்த லீவையெல்லாம் எழுதிக்கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஃபேன் போடவில்லை, கதவைச் சாத்தக்கூட விடவில்லை. காலையும் மாலையும் ஒரு சிட்டிகை தீனி; வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மேலிருந்து குவளையால் மொண்டு மாற்றினாள். கண்ணாடி இருந்த இடத்தில் பாசி பிடித்தது. காலாவதியான பஸ் பாஸால் சுரண்டினாள். கழிப்பறைக்குப் போனால்கூட, “இதோ வந்துடறேன், அப்படியே இருங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

இருபத்துமூன்றாம் நாள் லீவு தீர்ந்தது. இன்றைக்கு வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று தலைமை நர்ஸ் போனில் கத்த, அலறியடித்துக்கொண்டு பஸ் பிடித்தாள். தண்ணீரிடம் சொல்லாமல் வந்துவிட்டது வார்டில்தான் உறைத்தது. கணவருக்குப் போன் போட்டாள். ஒருமுறை அடித்து அணைந்துபோனது. தரையில் பதினோரு மீன்களும் துடிப்பது கண்முன் வந்து நின்றது. சாயங்காலம் மூன்று மாடியையும் மூச்சிரைக்க ஏறிக் கதவைத் திறந்தாள்.

தண்ணீர் நின்றது. அடியில் கணவரின் போன் கிடந்தது; நியான்கள் கூட்டமாக அதைச் சுற்றிக்கொண்டிருந்தன. “தீனி போடக் குனிஞ்சேன், பையிலேர்ந்து விழுந்துடுச்சு. எடுத்தா தண்ணி கோச்சுக்குமோன்னு விட்டுட்டேன்” என்றார் அவர். நர்சம்மா தரையில் உட்கார்ந்து, மூன்று வாரத்துப் பாரமும் இறங்கும்படி வாய்விட்டு அழுதாள்.

“அப்போ உன் பேச்சுக்கு நிக்கலையா?” என்றார் கணவர்.

கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. அதைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. “எனக்காக நிக்க வேணாம். நின்னா போதும்.”

புதுத் தொட்டிக்கு மீன்களை மாற்றவே இல்லை; அதில் இப்போது குடைகள் இருக்கின்றன. எட்டு வருஷமாகிறது, கப்பிகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டன. வெளியூர் போகும்போது நர்சம்மா அடுத்த வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, ஒரு சிட்டிகைக்கு மேல் தீனி போட வேண்டாம் என்கிறாள். தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.