பாலாற்று வெள்ளோட்டம்

ஜஹீருன்னிசா கோபத்தில் சொன்ன வார்த்தை அவளையே கட்டிப் போட்டுவிட்டது.

அவள் புருஷன் ரஷீத் அஹமது கப்பலில் சுக்கான் பிடித்தவன். 1929-இல் வேலையை விட்டு ஆம்பூருக்கு வந்தபோது மதராஸிலிருந்து ஒரு சின்னப் பாய்மரப் படகையும் ரயிலேற்றிக் கொண்டுவந்தான். பாலாற்றில் வருஷத்துக்குப் பத்து நாள் தண்ணீர் வந்தால் அதிகம். படகு முற்றத்தில் கிடந்தது. பாய்மரத்தில் அவள் துணி காயப்போட்டாள். அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். ஒருநாள், பருப்புச் சட்டி இடது பக்கம் இருக்கிறது என்று அவள் சொன்னதைத்தான் பொறுக்கவில்லை.

"இடது, வலதுன்னா ஆள் திரும்பி நின்னா மாறிடும். படகோட மூக்கைப் பார்த்து நில்லு. இடக்கைப் பக்கம் போர்ட். வலக்கைப் பக்கம் ஸ்டார்போர்ட். அப்புறம் நீ எப்படித் திரும்பினாலும் அது மாறாது."

"அடுப்பங்கரைக்கு மூக்கு எதுங்க?"

அவன் யோசித்தான். அவன் யோசித்ததுதான் அவளுக்கு ஆத்திரம்.

"இந்தப் பாலாத்துல உங்க படகு மிதக்கட்டும். அதுல உக்காந்து என்னைக் கூப்பிடுங்க. அப்ப வர்றேன்" என்றாள். மணலில் நடந்து, எதிர்க்கரையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் வாரமே திரும்பிவிட ஆசை வந்தது. சொன்ன சொல்லோடு, அண்ணி ஹலீமா பீயின் வாயும் தடுத்தது.

வெள்ளிக்கிழமை தோல் பதனிடும் ஷாப்புக்கு லீவு. ஜும்மா முடிந்ததும் ரஷீத், ஷாப்பில் வேலை பார்க்கும் வேலாயுதத்தையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிவந்து படகை ஆற்று மணலில் இறக்கினான். படகோட்டப் பாடம் என்று ஊருக்குச் சொன்னான். ஆற்று ஊற்றில் தண்ணீர் எடுக்கப் போகும் ஹலீமா பீ, பாடத்தை ஒரு வரி விடாமல் வீட்டில் வந்து சொல்வாள்.

"முன்னாடி அணியமாம், பின்னாடி அமரமாம். வேலாயுதம், கழுத்து, வால்னே சொல்றான். ஷாப்புல தோலுக்கு அப்படிச் சொல்லிப் பழகின வாய். அப்புறம், நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல அஞ்சு மடங்கு விடணுமாம். நேராத் தொங்கினா பிடிக்காதாம், படுத்தாத்தான் கடிக்குமாம். 'இங்க ஆழமே இல்லியே பாய்'ன்னான் வேலாயுதம்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"அப்ப கயிறு வேணாம்னாரு."

ஜஹீருன்னிசா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமைப் பாடத்திலும் நாலு பேர் இழுக்கப் படகு கொஞ்சம் நகர்ந்தது. நகர்ந்ததெல்லாம் இந்தக் கரைப் பக்கமாகவே இருந்தது. மாடியிலிருந்து பார்த்தால் தெரியும்.

"பாடம் படிக்கிற படகு நம்ம வூட்டைப் பார்த்தே ஏன் வருது?" என்றாள் ஹலீமா பீ.

"காத்து அப்படி இருக்கும் பாபி."

"காத்தடிச்சா மண்ணுல போவுமா?"

அடுத்த வெள்ளிக்கிழமை படகு ஊற்றுக்காலில் சரிந்தது. மணலைத் தோண்டி, ஊற்றுத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோகும் வாய்க்கால் அது. படகைவிட ஒரு முழம்தான் அகலம் அதிகம். உள்ளே விழுந்த படகு ஆடியது. ஆட்டம் நின்றது. மிதந்தது.

வயல்காரர் கோதண்டராமன் மண்வெட்டியோடு ஓடிவந்தார். "பாய், தண்ணி அடைச்சிக்கிச்சு. முதல்ல இதை எடுங்க."

"கொஞ்சம் பொறுங்க. ஒரு ஆளைக் கூப்பிடணும்."

ரஷீத் படகில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு கையையும் வாயருகே குவித்து, ஊர் கேட்க அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

மாடியில் ஹலீமா பீ சொன்னாள்: "அது ஆறா? வாய்க்கா."

"ஆத்துக்குள்ள ஓடுற வாய்க்கா தானே பாபி." ஜஹீருன்னிசா அதற்குள் புர்காவை மாட்டியிருந்தாள்.

அவள் வாய்க்கால் கரைக்கு வந்ததும் அவன் படகிலிருந்து கை நீட்டினான். "ஸ்டார்போர்ட் பக்கம் ஏறாத. ஆழம்."

அது எந்தப் பக்கம் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. அமரத்தைச் சுற்றிப்போய் போர்ட் பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். அவன் கவனித்தான். படகு ஒரு முறை அமுங்கியது. அடியில் மணல் உரசியது.

"நீ ஏறினதும் தரை தட்டிடுச்சு."

"மிதக்கும்போது கூப்பிட்டீங்க. வந்துட்டேன்."

வேலாயுதம் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றான். ரஷீத் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்படியே உக்காரு. ஆறு வெள்ளிக்கிழமையில வூட்டுல சேர்த்துடறேன்."

"கூப்பிட்டா வர்றேன்னுதான் சொன்னேன். படகுல வர்றேன்னா சொன்னேன்?"

அவள் இறங்கி, ஆம்பூர்ப் பக்கமாக மணலில் நடந்தாள். பின்னால் கோதண்டராமன் இன்னும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு யாரோ தண்ணீரில் குதிக்கிற சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டாள்.