யானிப் பண்டிகையன்று டப்ளின் போன பஸ்

அயர்லாந்தில் அந்தக் காளான் பண்ணையில் வேலை செய்யும் வெல்காவுக்கு வாய்த்துடுக்குக்காரி என்று பெயர். அப்படிப்பட்டவள் அந்த மாதம் முழுக்க ஒரு கையெழுத்துக்காக ஆள் ஆளாய்ப் போய்க் கெஞ்சினாள். ஊரில், லாத்வியாவில், அவள் தங்கை இல்காவின் மகனுக்குத் தசை கரையும் நோய். மருந்து உண்டு, வாங்கிக் கட்டுப்படியாகாது. அரசாங்கமே வாங்கித்தரச் சட்டம் வேண்டும் என்று நோயாளிகளின் குடும்பங்கள் சேர்ந்து ஒரு மனு போட்டிருந்தன. போதுமான குடிமக்கள் கையெழுத்திட்டால் நாடாளுமன்றம் அதை எடுத்தே தீரவேண்டும்.

அயர்லாந்தில் இருப்பவர்கள் டப்ளினில் உள்ள லாத்வியத் தூதரகத்துக்குப் போய், பாஸ்போர்ட்டைக் காட்டி, அதிகாரி முன்னால் கையெழுத்திட வேண்டும். கம்ப்யூட்டரிலும் போடலாம்தான். அதற்கு வேண்டிய அடையாள அட்டை பண்ணையில் ஒருவரிடமும் இல்லை.

லீவுதான் சிக்கல். காளானுக்கு ஞாயிறும் தெரியாது, திங்களும் தெரியாது. பண்ணைக்காரனிடம் மல்லுக்கட்டி லாத்வியர்கள் எல்லோரும் ஒன்றாக வாங்குகிற லீவு வருஷத்துக்கு ஒன்றுதான்: ஊரின் நடுக்கோடைப் பண்டிகையான யானி நாள்.

"அன்னிக்கே போயிடுவோம்," என்றான் வேன் ஓட்டும் ஐவர்ஸ். "ராத்திரி நெருப்பு மூட்டி ஆடுறோம், விடிஞ்சதும் பஸ் ஏறுறோம். ஒருத்தனும் தப்பிக்க முடியாது, பாரு!"

அப்படியே நடந்தது. ஓக் இலைக் கிரீடம் தலையில் வாட, வாயில் பீர் நாற, பஸ் நிறைய ஆட்கள். சீரகப் பாலாடைக்கட்டி கைமாறிக்கொண்டே வந்தது. வெல்கா எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இல்காவுக்குப் போன் போட்டாள். "ஒரு பஸ்ஸே வருதுடி!"

தூதரகக் கதவு பூட்டியிருந்தது. யானி விடுமுறை என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

ஊரில் அன்று எல்லாமே பூட்டிக் கிடக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்; தூதரகத்துக்கும் ஊர்க் கணக்குத்தான். ஆனால் யானிக்கு லீவு என்பது கேட்டு, சண்டை போட்டு, பல்லைக் காட்டி வாங்கவேண்டிய ஒன்று என்றே இத்தனை வருஷமும் வாழ்ந்தாயிற்று. கேட்காமலே லீவு விடுகிற இடமும் உலகத்தில் உண்டு என்பது அந்தப் பஸ்ஸில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நாமளும் லாத்வியக்காரங்கதானா?" என்று யாரோ சிரித்தார்கள். வெல்கா கதவை உதைத்தாள்.

கையெழுத்திட மறுநாள்தான் கடைசி நாள். லீவு கிடையாது. வெல்கா மட்டும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் போனாள். ஒரே ஒரு கையெழுத்து. அதை வாங்கிய பெண் அதிகாரி நன்றி சொன்னபோது வெல்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கையெழுத்துகளை எண்ணி முடிவு வந்தபோது ஐவர்ஸ் போனைத் தூக்கிக்கொண்டு காளான் கொட்டகைக்கே ஓடிவந்தான்.

"வெல்கா, இதைப் பாரு. கையெழுத்து ஆயிரக்கணக்குல குறையுதாம்! நம்ம பஸ் போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. சும்மா உன்னையே நொந்துக்கிட்டு இருந்தியே, விட்டுத்தள்ளு."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். வெல்கா கையிலிருந்த காளான் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தாள். அந்தக் கதவும் அந்தத் தாளும் இத்தனை நாள் அவளுக்குப் பிடிமானமாக இருந்தன. நாம் தப்புச் செய்தோம், செய்யாமல் இருந்திருந்தால் பையன் பிழைக்க வழி இருந்திருக்கும் என்று நினைக்க முடிந்தது. இப்போது அதுவும் போயிற்று.

"நம்மளால கெட்டிருந்தா என்னைத் திட்டிக்கிட்டாவது கிடப்பேன் ஐவர்ஸ்," என்றாள். "இப்ப யாரைத் திட்ட?"

மாலையில் இல்கா போனில் கூப்பிட்டாள். அவளும் முடிவைப் பார்த்திருந்தாள். பின்னால் பையன் எதற்கோ அழுதுகொண்டிருந்தான்.

"அக்கா, மறுபடியும் மனு போடப்போறாங்களாம். அடுத்த வருஷம்."

"சரிடி."

"அடுத்த வருஷம்க்கா," என்றாள் இல்கா. அதுவரை பையன் இருப்பானா என்று அவளும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை.