ஒட்டாத மஞ்சள்

மூன்று நாளாக அந்தப் பட்டறையில் மஞ்சள் பெயிண்ட் பொடி ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டவில்லை. தரையில் ஒட்டியது, அக்காவின் புருவத்தில் ஒட்டியது, தம்பியின் காதுக்குள்கூடப் புகுந்து உட்கார்ந்துகொண்டது. தொங்கவிட்டிருந்த குழந்தைகள் சைக்கிள் சட்டத்தில் மட்டும் ஒட்டமாட்டேன் என்று அடம்பிடித்தது.

அக்கா பதினைந்து வருஷமாகப் பிரஷ்ஷும் கையுமாகப் பெயிண்ட் அடித்தவள். அவள் அடித்தால் ஒரு சொட்டு வழியாது. பெயிண்டுக்குப் பதிலாக வண்ணப் பொடியை அடித்து, ஓவனில் சுட்டெடுக்கும் இந்தப் பவுடர் கோட்டிங் மெஷினைக் கொண்டுவந்தது தம்பி. வெளியூர் வேலையை விட்டுவிட்டு, "இனிமே உன்கூடத்தான்க்கா" என்று வந்து இறங்கினானே, அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதை வாயைத் திறந்து சொல்வாளா என்ன? "வந்துட்டியா, செருப்பை வெளியில விடு" என்றதோடு சரி.

மெஷினை ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம். அந்த மாதம் இன்று மாலை நாலு மணியோடு முடிகிறது. நாலு வாரம் ஜம்மென்று ஓடியது இந்தத் திங்கட்கிழமையிலிருந்து ஏன் மக்கர் பண்ணுகிறது என்று இருவருக்கும் விளங்கவில்லை.

"நாலு மணிக்குள்ள ஒட்டலைன்னா திருப்பிக் குடுத்துடுறேன். பழைய முதலாளி உடனே வரச் சொல்றாரு" என்றான் தம்பி.

"போறதுன்னா போ, யாரு உன்னைப் பிடிச்சு வச்சிருக்கா" என்றாள் அக்கா. சொன்ன கையோடு அந்தப் பக்கம் திரும்பி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிடித்து வைக்கத்தான் அவளுக்கு ஆசை.

தம்பி பொடி அடிக்கும் கன்னைப் பிரித்துத் துடைத்தான். காற்றுக் குழாயை ஊதிப் பார்த்தான். எர்த் கம்பியை மீட்டர் வைத்துச் சோதித்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தன. மறுபடி அடித்தான். ஒட்டிய கொஞ்சநஞ்சப் பொடியும் சலித்த மாவு மாதிரி உதிர்ந்தது.

"தள்ளு, துடைச்சுட்டு இன்னொரு தடவை பார்ப்போம்" என்று அக்கா துணியோடு போனாள். விரல் சட்டத்தில் பட்டதுதான் தாமதம், சுள்ளென்று ஒரு பொறி. ஒரு முழம் பின்னால் குதித்தாள்.

"பாழாப்போனது, என்னையே கடிக்குதுடா."

பதறி ஓடிவருவான் என்று பார்த்தால், அந்தப் படுபாவி முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறான்.

"சட்டமா கடிச்சுது?"

"பின்னே, நானா அதைக் கடிச்சேன்?"

"அது கடிக்கவே கூடாதுக்கா. தலை சீவின சீப்பு காகிதத் துண்டை இழுக்குமில்ல, அதே சங்கதிதான் இதுவும். கன்னு பொடிக்கு நெகட்டிவ் சார்ஜ் ஏத்தி அனுப்புது. சட்டம் எர்த்தோட சேர்ந்திருந்தா, அதுக்கு வர்ற சார்ஜ் எல்லாம் மண்ணுக்கு ஓடிடும், பொடியும் வந்து ஒட்டிக்கும். போற வழி அடைச்சிருந்தா சார்ஜ் சட்டத்துலயே தேங்கிடும். அப்போ சட்டமும் நெகட்டிவ், வர்ற பொடியும் நெகட்டிவ். ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடத்தானே செய்யும்? தேங்கி நின்ன சார்ஜுதான் இப்ப உன் விரல் வழியா ஓடுச்சு."

"எர்த் கம்பி நல்லாயிருக்குன்னியே?"

"கம்பி நல்லாத்தான் இருக்கு. கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவுல என்ன இருக்கு?"

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். எர்த் கம்பி சேர்த்திருந்த மேல்தண்டில் சட்டங்களை மாட்டும் இரும்புக் கொக்கிகள் பத்தும் உச்சி முதல் நுனிவரை வான நீலத்தில் பளபளத்தன. ஒரு சொட்டு வழியவில்லை.

"இதுக்கு யாரு பெயிண்ட் அடிச்சா?"

பட்டறையில் இருப்பதே இரண்டு பேர். ஒருவன் கேட்கிறான், மிச்சம் யார்?

"துருப்பிடிச்சுப் பார்க்க அசிங்கமா இருந்துச்சுடா. ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கோம்னு ரெண்டு கோட்டு குடுத்தேன்." அவள் குரல் கம்மியது. பெயிண்ட் மின்சாரத்தை விடாது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். கொக்கிக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைக்கவில்லை. தம்பியைக் கிளப்பிவிடப் பார்த்தது தன் கையேதான்.

தம்பியோ சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அரத்தை எடுத்து இருவரும் மாங்குமாங்கென்று தேய்த்தார்கள். கொக்கியைத் தண்டில் மாட்டும் இடத்திலும் சட்டம் தொங்கும் இடத்திலும் இரும்பு தெரிந்ததும் தம்பி கன்னை அழுத்தினான். மஞ்சள் பொடி பாய்ந்து போய் ஒட்டியது. முதுகைக் காட்டிக்கொண்டிருந்த பக்கத்தைக்கூட வளைத்துப் பிடித்தது. ஓவனிலிருந்து வெளியே வந்த சட்டத்தில் குறை கண்டுபிடிக்க அக்காவாலேயே முடியவில்லை.

நாலு மணிக்கு மெஷின்காரர் போன் செய்தார். "மெஷின் இங்கயே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டுத் தம்பி போனை வைத்தான்.

"மெஷின் இருக்கட்டும்" என்றாள் அக்கா. "நீயும் இருடா. நீ போயிட்டா எனக்கு இங்க ஒண்ணும் ஓடாது."

தம்பி அரத்தில் ஒட்டியிருந்த நீலத் தூளைத் தட்டிவிட்டான்.

"நான் எங்க போறது? ரெண்டு நாள் இந்தப் பக்கம் இல்லைன்னா, நீ எர்த் கம்பிக்கும் ரெண்டு கோட்டு குடுத்துடுவ" என்றபடி அடுத்த சட்டத்தைத் தூக்கினான்.